வேதியியல் பட்டத்திற்கு அடக்கவிலை என்ன?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் மண்டியில் வியாபாரம் சற்று மந்தமாகத்தான் இருக்கும். சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள் துவரம் பருப்பு விலையைக் கேட்ட கையோடு கல்லூரி விலையையும் கேட்பார்கள். பையனை எதில் போடலாம், பெண்ணை எதில் சேர்க்கலாம் என்பதுதான் பேச்சாக இருக்கும். நான் பள்ளி இறுதி வகுப்போடு கடைக்கு வந்தவன். என்னிடம் இதைக் கேட்கிறார்களே என்று சிரிப்பு வரும். ஆனாலும் நாற்பது ஆண்டுகளாகச் சரக்குக் கொடுத்து வாங்கிய பழக்கத்தில், காசு விஷயத்தில் இவர் சுற்றி வளைத்துப் பேசமாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

2025 மே மாதம் அப்படி வந்தவர், நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர். பழைய பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"முதலாளி, பாப்பா கெமிஸ்ட்ரிதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. மூணு வருஷம் போடுற காசு திரும்புமா? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்ல?"

ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த வாரம் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், அதற்கு முன் பட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்தார் பலர் வீட்டிலும் இதே கேள்வி இருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு வேதியியல் மீது பிடிப்பு வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 18, 19 தேதிகளை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி கருணாபுரத்தார், அன்றாடக் கூலிக்காரர்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளுக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் இரவு பகலாக ஓடின. அந்தப் பெண்ணின் அப்பா கடைப் பற்று நோட்டில் ஒரே வாரத்தில் ஒன்பது பெயர்கள் போயின. பாக்கியைக் கேட்க அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அவர் எனக்குக் கட்ட வேண்டிய தவணை நின்றபோதுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது.

அப்போது அந்தப் பெண் பிளஸ் டூ வகுப்பில் இருந்தாள். வேதியியல் ஆசிரியை வகுப்பில் விளக்கினாராம். குடிக்கும் சாராயத்தில் இருப்பது எத்தனால், அதில் கார்பன் அணு இரண்டு. மெத்தனாலில் ஒன்றே ஒன்று. பார்வைக்கு இரண்டும் தண்ணீர் போல, வாசனையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் மெத்தனால் உடம்புக்குள் போனால் கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றிவிடுகிறது. எறும்பின் கடியில் இருக்கிறதே, அதே அமிலம். இரத்தத்தில் அது சேர்ந்ததும் முதலில் கண் நரம்பைத் தாக்கும். அதனால்தான் பலர் பார்வை மங்குகிறது என்று சொல்லி மயங்கி விழுந்தார்கள்.

"ஐயா, அந்த கேனைத் தொட்டவங்கள்ல ஒருத்தருக்காவது இது தெரிஞ்சிருந்தா?" என்று அந்தப் பெண் என்னிடமே கேட்டாள்.

தெரிந்தால் மட்டும் போதுமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மெத்தனால் வயலில் விளைவதில்லை. பெயின்ட்டுக்கும் பிசினுக்கும் மருந்துக்கும் பயன்படுத்தத் தொழிற்சாலைகளுக்குப் போகிற சரக்கு அது. அதன் குணம் தெரிந்த கைகளைத் தாண்டித்தான் வெளியே கசிகிறது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனாலால் 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகும் அடுத்த ஆண்டே நம் ஊரில் இது நடந்தது. இருந்தாலும் ஒரு பிள்ளைக்குப் படிப்பின் மீது காரணத்தோடு ஆசை வந்திருக்கும்போது அதைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்காகக் கணக்குப் பார்க்காமலும் இருக்க முடியாது.

அடக்கம் போடுவோம்

மூட்டைக்கு அடக்கவிலை போடும்போது கொள்முதல் விலையோடு வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம், வட்டி எல்லாம் சேர்த்துத்தானே போடுகிறோம்? படிப்புக்கு மட்டும் கல்லூரிக் கட்டணத்தை வைத்தே முடிவு செய்கிறோம்.

அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் ஒரு பெரிய விஷயமே இல்லை. வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பேருந்துக்கு இலவச அட்டை உண்டு. வெளியூரில் தங்க வேண்டுமானால், வருமான வரம்புக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு விடுதி இலவசம். 2025 ஜூலையில் அந்த விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இது 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை வந்தது. மூன்று வருடத்துக்கு 36,000 ரூபாய். ஆக, அரசுக் கல்லூரியில் கிடைத்துவிட்டால் கட்டணம் அநேகமாக வந்த பணத்திலேயே கழிந்துவிடும். கருணாபுரத்தில் அந்தச் சாவுகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பட்டப் படிப்பு வரை கல்விச் செலவை ஏற்பதாக அரசு 2024லேயே அறிவித்தது. அப்படிப்பட்ட பிள்ளைகள் உங்கள் தெருவில் இருந்தால் விண்ணப்பம் போட உதவுங்கள்.

சுயநிதிக் கல்லூரி என்றால் கதை வேறு. கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாமாக வருடத்துக்கு ஒரு இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு மூன்று இலட்சம். அதை நம்மில் சிலர் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். வட்டி மட்டும் மாதம் 6,000 ரூபாய். பிள்ளை வேலைக்குப் போய் வாங்கும் முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும். கந்துக்காரரிடம் போவதற்கு முன்னால் வங்கிக்குப் போங்கள். நான்கு இலட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்பதில்லை.

நாம் மறந்துவிடும் செலவு இன்னொன்று இருக்கிறது. மூன்று வருடம் அந்தப் பிள்ளை சம்பாதிக்காமல் இருக்கிறதே, அது. கடையில் நின்றால் மாதம் 12,000 என்று வைத்தாலும் 4,32,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் படித்தாலும் இந்தச் செலவு உண்டு. "ஃபீஸ் இல்லாமத்தான் படிக்கிறான், படிச்சிட்டுப் போகட்டும்" என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சரக்கு எங்கே விலைபோகும்?

மூன்று வருடப் பி.எஸ்சி. வேதியியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால், தொடக்க வேலை பெரும்பாலும் ஆய்வகப் பயிற்சியாளர் வேலைதான். கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரிப் பக்க மருந்துத் தொழிற்சாலைகளிலும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் ஐந்தாறு பேரிடம் பேசினேன். முதல் சம்பளம் 14,000 முதல் 18,000 வரை என்றார்கள். இரவு முறையும் உண்டாம். கடையில் நிற்கும் பையன் வாங்குவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் ஐந்து வருடம் கழித்து இருவரும் எங்கே இருப்பார்கள் என்பதில்தான் வித்தியாசம். மருந்து தயாரிப்புச் சட்ட விதிகளின்படி, வேதியியலை முக்கியப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரி மூன்று வருடம் உற்பத்தியில் அனுபவம் பெற்றால் தயாரிப்பை மேற்பார்வையிடும் தகுதி பெறுகிறார். அனுபவத்துக்கு விலை ஏறும் தொழில் இது.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைச் சொல்ல வேண்டும். கெமிஸ்ட்ரி படித்தால் மெடிக்கல் ஷாப் வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கடைப் பலகையில் 'கெமிஸ்ட்' என்று போட்டிருப்பதால் வந்த குழப்பம். சில்லறை மருந்துக் கடைக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும். அது பார்மசி படிப்பு, வேறு பாதை. மொத்த வியாபார உரிமத்துக்கு மட்டும், மருந்து வியாபாரத்தில் ஒரு வருட அனுபவம் உள்ள எந்தப் பட்டதாரியும் போதும்.

நம்மைப் போன்றவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் இடம் உரக்கடை. 2015இல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, புதிதாக உர விற்பனை உரிமம் கேட்பவருக்குக் கல்வித் தகுதி வைத்தது. வேளாண்மையிலோ வேதியியலிலோ பி.எஸ்சி. பட்டம், இல்லையென்றால் இடுபொருள் பட்டயம் போன்ற பயிற்சி. பூச்சி மருந்து விற்பனைக்கும் அதே ஆண்டில் இதே மாதிரி தகுதி வந்தது. அதிலும் வேதியியல் படித்த அறிவியல் பட்டம் செல்லும். பிறகு பழைய வியாபாரிகளுக்காகக் குறுகிய காலப் பயிற்சிகளையும் ஏற்றுக்கொண்டார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் நம் மாவட்டத்தில், உரக்கடை வைக்க நினைக்கும் குடும்பத்தில் ஒரு பிள்ளை வேதியியல் படித்திருந்தால் அந்தப் பட்டம் உரிமத்துக்கு நேராக உதவும். பட்டத்தைச் சுவரில் மாட்டுவதற்குப் பதில் உரிம விண்ணப்பத்தோடு இணைக்கலாம்.

சர்க்கரை ஆலை பற்றியும் கேட்டார்கள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் இருக்கின்றன. கரும்புச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று பார்ப்பது ஆய்வக வேதியியலர் வேலை. மத்திய அரசு நிர்ணயிக்கும் கரும்பு விலையே சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்துத்தான். 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதக் கட்டுமானத்துக்குக் குவிண்டால் 355 ரூபாய். ஆக விவசாயியின் வரவு அந்த ஆய்வகத்தில் தீர்மானமாகிறது. வேலை நல்ல வேலை, ஆனால் இடங்கள் குறைவு, அரவைப் பருவம் முடிந்தால் வேலையும் சுருங்கும். இதை நம்பி மட்டும் யாரும் படிக்க வேண்டாம்.

ஆசிரியர் வேலைக்குப் பி.எஸ்சி.யோடு பி.எட். வேண்டும். 2015 முதல் அது இரண்டு வருடம். அதற்கு மேல் தகுதித் தேர்வு, போட்டித் தேர்வு. பொறுமை உள்ளவர்களுக்குச் சரி. குரூப் தேர்வு எழுதத்தான் பட்டம் என்றால் அதற்கு வேதியியல் எதற்கு? எந்தப் பட்டமும் போதும்.

ஒரு மஞ்சள் தூள் கதை

எம்.எஸ்சி. வரை போவதில் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு என் சொந்த நஷ்டத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு அரவை ஆலையிலிருந்து மஞ்சள் தூள் எடுத்தேன். விலை கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைவு, அதில் மயங்கிவிட்டேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி எடுத்தார். சட்டப்படி மாதிரியை நான்கு பங்காக்கி முத்திரை வைத்தார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன். சில வாரத்தில் அறிக்கை வந்தது. தரம் குறைந்தது என்று இருந்தது. ஆங்கிலத்தில் ஏதேதோ எண்கள். வண்ணம் கலந்ததாகச் சொல்கிறார்களோ என்று பயந்துபோய் அறிக்கையை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

என் கடை லோடுமேனின் மகன் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துப் புதுச்சேரியில் வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவனிடம் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தான்.

"ஐயா, இதுல சாயமும் இல்ல, ஈய குரோமேட்டும் இல்ல. அமிலத்துல கரையாத சாம்பல் ஒன்றரை சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, போயிருக்கு. தூளை எரிச்சு சாம்பலாக்கி அமிலம் ஊத்துவாங்க. மஞ்சளோட சாம்பல் பெரும்பாலும் கரைஞ்சிடும். மண்ணும் மணலும் கரையாது. கிழங்கைச் சரியாக் கழுவாம அரைச்சிருக்கான். இதுக்கு மேல்முறையீடு செய்ய முப்பது நாள் டைம் இருந்துச்சே, ஏன் விட்டீங்க?"

முப்பது நாள் எப்போதோ போய்விட்டது. மாதிரி எடுத்த அன்றே, நாலாவது பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமையும் எனக்கு இருந்தது என்று அவன்தான் சொன்னான். தரம் குறைந்த சரக்குக்கு ஐந்து இலட்சம் வரை அபராதம் போடச் சட்டம் இடம் தருகிறது. எனக்கு அவ்வளவு போடவில்லை என்றாலும், கிலோவுக்கு நான்கு ரூபாய் மிச்சம் பிடித்த கணக்கு எங்கேயோ போய்விட்டது. மூட்டை சுமந்தவர் மகனுக்குத் தெரிந்தது, மூட்டைக்கு முதலாளியான எனக்குத் தெரியவில்லை. அன்று முதல் பரிசோதனை அறிக்கை இல்லாமல் எந்த மசாலாத் தூளும் என் கடைக்குள் வருவதில்லை. அறிக்கையை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் படிக்கச் சொல்வேன். கட்டணம் வாங்கமாட்டேன் என்கிறான், தீபாவளிக்கு ஒரு டின் எண்ணெய் அனுப்புகிறேன்.

2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபின் இந்த ஆட்களின் தேவை கூடியிருக்கிறது. அதன் விதிகளில் ஒரு நுணுக்கம் உண்டு, பிள்ளைகளைச் சேர்க்கும்போது கவனிக்க வேண்டியது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆக உயிர்வேதியியலிலோ நுண்ணுயிரியலிலோ உணவுத் தொழில்நுட்பத்திலோ பட்டம் போதும். வேதியியல் என்றால் முதுகலை வேண்டும், பி.எஸ்சி. செல்லாது. உணவுப் பகுப்பாய்வாளருக்கும் வேதியியலில் முதுகலை, மூன்று வருட அனுபவம், தனித் தேர்வு. நம் மாவட்டத்துக்குப் பக்கத்தில் சேலத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. தனியார் ஆய்வகங்களும் பெருகிவருகின்றன. எண்ணெய், ஜவ்வரிசி, மசாலா என்று நாம் விற்பது எல்லாம் அங்கேதான் போகிறது.

ஆகவே வேதியியல் பி.எஸ்சி.யை நான் உமி நீக்கிய அரிசியாகப் பார்க்கவில்லை. அவித்துக் காயவைத்த நெல்லாகப் பார்க்கிறேன். எம்.எஸ்சி. என்ற அரவை முடிந்தால் நல்ல விலை. அதை முடிக்கும் எண்ணமும் வசதியும் இல்லாவிட்டால், உரக்கடை போல ஒரு குறிப்பிட்ட பயனை முன்கூட்டியே நினைத்துக்கொண்டு சேர வேண்டும்.

மேலே போகிறவர்களுக்குச் செலவு குறைந்துகொண்டே வரும் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜாம் என்ற தேர்வை எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். அதற்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால், படிக்கப்போகிற பிள்ளைக்கே மாதம் 37,000 ரூபாய் தருகிறார்கள். 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. நம்மில் எத்தனை கடைக்குச் செலவு போக மாதம் 37,000 மிஞ்சுகிறது?

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அது அங்கே வந்ததற்குக் காரணம் ஒரு வியாபாரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். பதினைந்து இலட்சம் என்றால் அந்தக் காலத்துப் பதினைந்து இலட்சம். வேதியியலில் காசு போட்ட வியாபாரி நமக்கு முன்பே ஒருவர் இருந்திருக்கிறார்.

கல்லூரி பார்க்கப் போகும்போது ஒரு விஷயம். என் மைத்துனர் மகன் ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டிப் பி.எஸ்சி. வேதியியல் படித்தான். மதிப்பெண் 80 சதவீதம். வேலைக்கு நேர்காணலில், ப்யூரெட்டைக் கையில் கொடுத்து அமிலத்தின் செறிவைக் கண்டுபிடிக்கச் சொன்னார்களாம். மூன்று வருடத்தில் அவன் தனியாக அதைச் செய்ததே இல்லை, நாலு பேருக்கு ஒரு ப்யூரெட், இவன் நோட்டில் எழுதுகிறவனாக இருந்திருக்கிறான். கை நடுங்கிவிட்டது. வேலை கிடைக்கவில்லை. மூட்டை வாங்கும்போது குத்தூசி போட்டுப் பார்க்கிற நாம், மூன்று இலட்சம் கட்டும்போது கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மாணவனுக்கு ஒரு செட் கருவி உண்டா, போன வருடம் முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், அவர்களில் இருவர் போன் எண் கிடைக்குமா என்று கேளுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்துக் கருணாபுரத்துக்காரரைக் கூப்பிட்டேன். மகளும் கூட வந்தாள். அரசுக் கல்லூரியில் கிடைத்தால் மட்டும் வேதியியல், கிடைக்காவிட்டால் பணம் கட்டித் தனியாரில் வேதியியல் வேண்டாம், உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ கேட்கலாம் என்றேன். எம்.எஸ்சி. வரை ஐந்து வருடம் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இடையில் மாப்பிள்ளை வந்தது மச்சான் வந்தது என்று நிறுத்தினால் போட்டதெல்லாம் பாதி விலைதான் என்றும் சொன்னேன். அப்பா தலையாட்டினார். பெண் மட்டும், "ஐயா, வேலை கிடைக்குறது ஒரு பக்கம். எங்க தெருவுல ஒரு ஆளுக்காவது அது என்னன்னு தெரிஞ்சிருக்கணும்ல?" என்றாள். அந்த வரவை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது, வேதியியலே கிடைத்தது, விடுதியும் கிடைத்தது. வெள்ளை மேல்கோட்டு ஒன்றும் இரண்டு பதிவேடுகளும்தான் வெளியே வாங்க வேண்டியிருந்தன. அதற்கான பணத்தை நான் தருகிறேன் என்றபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். "பற்றுல எழுதிக்குங்க முதலாளி, கட்டிடுறேன்" என்றார். எழுதிக்கொண்டேன்.